சுவரோரக் கத்தரிக்காய்

மொதல்ல காப்பியக் குடிங்க தம்பி. ஆறிப்போனா வாயில வைக்க முடியாது. போவும்போது கத்தரிக்கா தாரேன், வீட்ல எண்ணெய் விட்டு வதக்கச் சொல்லுங்க. கொஞ்சமாத்தான் இருக்கு, செடி வாடிக் கெடக்கு. அதையும் சொல்லத்தான போறேன்.

நீங்க இந்தக் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரு. பக்கத்து வீட்டுச் சுவரு எப்படி வெடிச்சுதுன்னு கேட்டு வந்திருக்கீங்க. கேட்டதுல தப்பே இல்ல. சண்முகராஜும் பொன்மணியும் காலி பண்ணிட்டுப் போன பொறவு அந்த வீட்டுக்கு வாடகைக்குக்கூட ஒரு ஆளு வரமாட்டேங்காவளாம்ல. ஊர்ல உள்ள இஞ்சினியர எல்லாம் கூட்டிட்டு வந்து காட்டுனீங்களே, எங்கிட்ட மொதல்லயே கேட்டிருக்கலாம். நான் எதையும் மறைக்கிற ஆளு கெடையாது. யாரும் கேக்கல, நான் சொல்லல. அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊரு இடைசெவல். எங்க பக்கம் மூஞ்சி கழுவுன தண்ணி முருங்கைக்கு, அரிசி களைஞ்ச தண்ணி மாட்டுக்கு. தண்ணியச் சும்மா தெருவுல விடுதவள ஒரு மாதிரியாத்தான் பாப்பாவ. இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, பொன்மணி வீட்டுக் குளியலறைத் தண்ணியெல்லாம் மளமளன்னு சாக்கடைக்குப் போவும்போது எனக்கு வயிறு எரியும். அவிய வீட்டுப் பைப்பு நடுச்சுவருக்கு அடியில நுழைஞ்சு, எங்க வீட்டுப் பின்பக்கம் வந்து, எங்க அடுப்படித் தண்ணியையும் சேத்துக்கிட்டுத்தான் போவுது. பொதுப் பைப்பு. சுவரோரமா மண்ணுக்குள்ள அதுல ஒரு ஜாயிண்டு இருக்கு.

அது மொத தடவ கசிஞ்சது தானாத்தான். சத்தியமா நான் தொடல. அந்த ஈரத்துல கத்தரி நாத்து ஊனுனேன் பாருங்க, அடேயப்பா, என்னா வளத்தி! காய் கொத்துக் கொத்தாத் தொங்குச்சு. பொன்மணிக்கும் குடுத்தேன். "உங்களுக்கு நல்ல கைராசி அத்தே"ன்னு சொன்னா. தங்கமான பிள்ள.

அப்பதான் அவ வீட்டுச் சுவருல ஈரம் ஏறுதுன்னு பிளம்பரு இசக்கிதுரை வந்தான். ஜாயிண்ட இறுக்கிட்டுப் போயிட்டான். செடியெல்லாம் தலையத் தொங்கப் போட்டுட்டு. ஒரு உசுரு தாகத்துல வாடும்போது கையக் கட்டிட்டு நிக்க முடியுமா தம்பி? குழாயில வருத நல்ல தண்ணியச் செடிக்கு ஊத்துத அளவுக்கு எனக்குக் கொழுப்பும் இல்ல. அதனால மண்ண விலக்கி, ஜாயிண்ட லேசா ஆட்டி விட்டேன். லேசாத்தான்.

திரும்ப ஈரம் வந்துது. யாரு செலவுல பாக்கணும்னு சங்கத்துல கூட்டம் போட்டீங்க. பைப்பு இருக்கது என் இடத்துல, ஓடுதது அவிய தண்ணி. "யாரு வீட்டுத் தண்ணியோ அவிய பொறுப்பு"ன்னு நான்தான் எந்திரிச்சுச் சொன்னேன். நியாயந்தானேன்னு எல்லாரும் தலையாட்டுனாவ. நீங்களும்தான்.

இசக்கிதுரை ஜாயிண்டத் தோண்டிப் பாக்க வந்தான். "ஏலே, நீ போட்ட ஜாயிண்டு கல்லு கணக்கா இருக்கும். கோளாறு அவிய வீட்டுக்குள்ளதான்"னேன். அவனுக்குச் சிரிப்பு கொள்ளல. உள்ள போயி டைல்ஸ ஒடைச்சுத் தேடுனான். ஒண்ணும் இல்ல. பூசிட்டு, திரும்பவும் ஒடைச்சான். அதுக்குப் பொறவு இந்தப் பக்கம் அவன யாரும் வேலைக்குக் கூப்பிடல. தூத்துக்குடிக்குப் போயிட்டானாம். நல்லதுதான, அங்கன வேலை நெறைய.

சித்திரையில பொன்மணி புருசனையும் கூட்டிட்டு புதியம்புத்தூருக்குத் தாய் வீட்டுக்குப் போனா. இங்க தண்ணிப் புழக்கம் நின்னு போச்சு. கரிசல் மண்ணு எப்படிப்பட்டது, தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். அவ திரும்பி வந்து பாக்கா, சன்னல்ல இருந்து பரண் வரைக்கும் சுவரு வாயப் பொளந்து நிக்கி. அதுக்குள்ள இருந்து ஒரு தேளு வேற இறங்கி வருது. நேரா எங்கிட்டதான் ஓடி வந்தா.

"எங்க ரெண்டு பேரு குடும்பத்துலயும் சொந்த வீடுன்னு ஒண்ணு வாங்குனது நாங்கதான் அத்தே. இப்படி ஆயிட்டே!"

"அழாதட்டி, மாசமா இருக்கவ அழக்கூடாது"ன்னு நானும் கூட உக்காந்து அழுதேன். ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதைன்னு நெனைக்காதீங்க. நெசமாவே அழுதேன்.

அப்பயே நிறுத்தியிருக்கலாம்லன்னு கேக்குதீங்க. நிறுத்தியிருக்கலாம்தான். ஆனா அப்பதான் ரெண்டாம் பூ பூத்திருந்துச்சு.

வெடிச்ச சுவருக்குக் கீழ வளைகாப்பு வைக்கப்பிடாதுன்னு அவ மாமியா வீட்ல சொல்லிட்டாவ. யாரோ செய்வினை வச்சுட்டாவன்னுகூடப் பேச்சு. "எங்க வீட்ல வைங்க"ன்னேன். இந்தக் கூடத்துலதான் உக்கார வச்சு, நானே மொத வளையலப் போட்டேன். வந்தவியளுக்கெல்லாம் கத்தரிக்கா புளிக்கொழம்பு. வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டாவ. போவும்போது பொன்மணி என் கால்ல விழுந்து கும்பிட்டா. "இந்த வீட்ல எங்களுக்குக் கெடைச்ச ஒரே நல்லது நீங்கதான் அத்தே"ன்னா. அந்த வாரமே பெட்டி படுக்கையோட வாடகை வீட்டுக்குப் போயிட்டாவ.

இப்ப எல்லாம் சொல்லிட்டேன். நான்தான் தம்பி. மொத தடவ போக, பொறவெல்லாம் நான்தான் ஆட்டி விட்டேன். சுவரு வெடிச்சது என்னாலதான். போலீசுல சொல்லணும்னா சொல்லிக்கிடுங்க, வருத்தமில்ல. என்னையப் பெத்தவ மேல ஆணையாச் சொல்லுதேன், அம்புட்டுத் தண்ணியில ஒரு சொட்ட நான் வீணாக்கல.

ஆனா ஒரு உதவி செய்யணும். பொன்மணி இப்ப வாடகை வீட்ல, ஒத்த ரூமுல, பச்சப் பிள்ளையோட கெடக்காளாம். கேட்டதுல இருந்து சோறு எறங்கல. நீங்க போயி விவரமாச் சொல்லுங்க. செய்வினையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, எல்லாம் ரெங்கம்மா பாத்த வேலைதான்னு. சுவரப் பூசிட்டு வந்து நிம்மதியா இருக்கச் சொல்லுங்க. நானும் ஒத்தக்கட்ட, எங்க வீட்டுத் தண்ணி அந்தச் செடிக்கு எந்த மூலைக்கு? எப்படியாவது அவளத் திரும்பக் கூட்டிட்டு வந்துருங்க. கைப்பிள்ளக்காரி தம்பி, துணி நெறையத் துவைப்பா.