டிரம்காரரின் கைப்பேச்சு

"எங்க மாமனாருக்குப் பெத்த புள்ள பேரே மறந்துபோச்சுக்கா. ஆனா கையால பேசறது மட்டும் மறக்கல."

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அதற்குப் பிறகு என் காதுக்கு வேறு வேலை இல்லை.

"இன்னா, கையாலயா?"

"தோல் பதனிடற ஷாப்புல, தோல ஊறப்போட்டுச் சுத்தற பெரிய மர டிரம் ஓட்டினவரு. அந்தச் சத்தத்துல வாய்ப்பேச்சு கேக்காது, எல்லாம் கைதான். காதும் அதுலயே போச்சு. கத்திக் கத்தி அலுத்து, நாங்களும் அவரோட பேசறத வுட்டுட்டோம். டாக்டர் எங்களத்தான் திட்டினாரு. பிரஷரு ஜாஸ்தி, காது கேக்கல, பேச ஆளும் இல்ல, அப்புறம் ஞாபகம் எப்படி நிக்கும்னாரு."

"அப்புறம்?"

"கூட வேல செஞ்ச பாய் ஒருத்தர் பாக்க வந்தாரு. வாசல்ல நின்னு கைய ஆட்டினாரு. படுத்திருந்த மனுஷன் எழுந்து உக்காந்து பதிலுக்கு ஆட்டறாருக்கா! பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிப் பேசிச் சிரிச்சாங்க. இப்ப நானும் பாய்கிட்ட கத்துக்கினு இருக்கேன்."

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. அவள் எழுந்து, ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்து, இறங்கணும் என்பதுபோல் உள்ளங்கையைத் தாழ்த்தினாள். உடனே எழுந்தார். படியருகே வந்ததும் அவளைத் தடுத்து, தோளில் பை மாட்டுவதுபோல் கை காட்டினார்.

அவள் திரும்பினாள். மருந்துப் பை சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது.

"மறந்துட்டேன் மாமா" என்றாள். பிறகு அதையே கையாலும் சொன்னாள்.