லவீனாவுக்கு விடுபட்ட வரி

தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, திருச்சபை மூப்பர்களே, முன்வாங்கில் விசிறியோடு வீற்றிருக்கும் தாய்மாரே, முதியோர் வகுப்பில் என்னோடு எழுதிப் பழகிய தோழர்களே! எழுபத்தாறு வயதில் என் கையால் எழுதிய தாளை ஏந்தி நிற்கிறேன். உள்ளம் துள்ளுகிறது.

"சத்தமாய்க் கதையுங்கோ அப்பு!" என்கிறா முன்வாங்கிலிருந்து வினிபிரட். ஓம் பிள்ளை, கதைக்கிறன்.

அந்த வகுப்பில் எனக்கு எழுத்துத் தந்தவள் லவீனா ரீச்சர். ஒருநாள், "கடவுள் ஆர்? சிலேற்றிலை எழுதுங்கோ" என்றாள். ராசா என்று எழுதினேன். "ராசாவுக்குள்ளை அடங்குவாரோ?" அழித்தேன். தகப்பன் என்றேன். "தாய் இல்லையோ?" அழித்தேன். ஒளி என்றேன். "இருட்டிலை இல்லையோ?" அதையும் அழித்தேன்.

"பிள்ளை, ஒண்டும் மிஞ்சேல்லையே!"

"இனிச் செபம் பண்ணுங்கோ அப்பு. அந்தக் காலத்துத் துறவிகளும் 'இதுவல்ல, அதுவல்ல' எண்டுதான் அவரைத் தேடினவை."

போன கிழமை சபைச் செயலாளர் கனகரட்ணம் வந்தார். "அண்ணை, உங்கடை எழுத்து வடிவு. ஞாயிறு வேதம் வாசிக்கிறவையின்ரை பட்டியலைப் பார்த்து எழுதித் தாங்கோ." என்னிடம் எழுத்து வேலை! பூரித்துப்போய்ப் பகல் முழுதும் எழுதினேன். ஒரு பெயர் சிவப்பால் வெட்டியிருந்தது. வெட்டியதை வாசிக்கத் தேவையில்லை என்பது வகுப்புப் பாடம், வாசிக்காமலே விட்டேன். கொடுத்த பிறகே அறிந்தேன், அது லவீனா!

கனகரட்ணத்தைக் கேட்டேன். "அவள் கஜந்தினியோடை குடும்பம் நடத்திறாள். பெண்ணும் பெண்ணும். உது கடவுளின்ரை சாயலோ அண்ணை?"

எந்தச் சாயல், அன்பர்களே? கண்டவர் யார்? அளந்தவர் யார்? எந்தச் சொல்லிலும் நிற்காதவரின் சாயல், சிவப்புப் பேனைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அவர் ஆணல்ல, பெண்ணல்ல, அளவல்ல, எல்லையல்ல என்கிறோம். அவள் அவர் சாயலல்ல என்று எந்த வாயால் சொல்வோம்?

"உவருக்கு விசர்" என்று பின்னால் ஒரு குரல். பைத்தியமாகவே இருக்கலாம் தம்பி. பயமும் இருக்கிறது. "மேடையிலை சொல்லட்டோ?" என்று லவீனாவிடம் கேட்டுத்தான் வந்தேன். "ஒளிக்க ஒண்டுமில்லை அப்பு" என்றாள். நாளை ஞாயிறு. அவள் வாசிக்க எழும்பாமல் இருந்தால், அவளை இருத்தியது என் கை.

பட்டியல் இந்த மேசையில், போதகர் ஐயாவின் ஒப்பத்துக்குக் காத்துக் கிடக்கிறது. அடியில் ஒரு வரிக்கு இடம் உண்டு. ஐயா, உங்கள் பேனையைத் தாருங்கள்.

மூன்றே எழுத்து. ஆனாலும் எனக்கு நேரம் செல்லும். எழுதி முடிக்கும்வரை பொறுத்திருக்கப் போகும் உங்கள் எல்லோருக்கும் நன்றி, கர்த்தரின் சமாதானம்.

ல...