வண்டி ஏறாத சரக்கு

"வண்டியே ஏறாத சரக்குக்கு எதுக்குங்க நாட்டுக்கொரு வெல?"

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் பஸ்ஸில், முன்சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. கேட்ட அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் கணவர், கையில் செல்போன். காலடியில் இரண்டு காலித் தக்காளிக் கூடைகள்.

"தக்காளிக்கு ராயக்கோட்டையில ஒரு ரேட்டு, ஓசூர்ல ஒரு ரேட்டு இல்லியா? கம்ப்யூட்டர் கேமுக்கும் அப்படித்தான். இதே கேமு வேற நாட்டுல பாதி வெல."

"தக்காளிக்கு வண்டி வாடக இருக்குது. இது நெட்டுல தானே வருது?"

"நெட்டுல வந்தாலும் வரி உண்டு."

"அப்ப அந்த நாட்டு வெலைக்கே வாங்குங்களேன்."

"அதுக்கு நான் அந்த நாட்டுக்காரன்னு பொய் சொல்லணும். கண்டுபுடிச்சா கேமு விக்கறவங்க என் கணக்கையே மூடிருவாங்க. வாங்குன கேமெல்லாம் போயிரும்."

"பொய்யெல்லாம் வேணாம். அப்படி என்ன கேமுங்க அது?"

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"வெவசாயம்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"பகலெல்லாம் காட்டுல கெடந்துட்டு, வூட்டுக்கு வந்து மறுபடியும் ஏர் ஓட்டப் போறீங்களா?"

"ஏர் இல்ல, டிராக்டரு."

"என்னமோ ஒண்ணு. அதுல மழை பெய்யுமா?"

"நமக்கு வேணுங்கறப்ப பெய்ய வச்சுக்கலாம்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, மழையில்லாமல் வெடித்துக் கிடந்த விவசாயக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலக்கோடு நெருங்கும்போதுதான் பேசினார்.

"வரியோட சேத்தே வாங்கிருங்க. மழை பெய்யறப்ப மட்டும் என்னையும் கூப்புடுங்க."