அம்மாவுக்கு என் நிறம்

தேயிலைத் தோட்டத்துலயே பொறந்தாலும் எனக்குத் தேத்தண்ணி ஒத்துக்காது சார். கோப்பி இருந்தாக் குடுங்க, விலங்கோடயே குடிச்சிக்கிறேன்.

தானா ராத்தா டவுன்ல என் கடை. பழைய நெகட்டிவ், ஸ்லைடு கொண்டு வந்தா ஸ்கேன் பண்ணி, இயற்கையான கலர்ல எடுத்துக் குடுப்பேன். நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழா இருக்கும், மேல ஆரஞ்சு பூசின மாதிரி தெரியும். கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டாலும் ஆளுங்க மஞ்சக்காமாலை வந்தவங்களாட்டம் நிப்பாங்க. அதுக்கு, படத்துல நெசமாவே வெள்ளையா இருக்கற ஒரு பொருளத் தேடணும். இதுதான் வெள்ளைன்னு காட்டினா, மத்த கலரெல்லாம் தானா அது அது எடத்துக்கு வந்துடும். வெள்ளை பொய் சொல்லாது சார்.

எங்கம்மாவுக்கு இருந்தது ஒரே நெகட்டிவ். தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணி எடுத்தது. கொழுந்துக் கூடையோட, தலையில வெள்ளைத் துண்டு போட்டு நிக்கிறாங்க. என்னைப் பெத்த அன்னிக்கே செத்துட்டாங்க. அம்மாவ முழுங்கிட்டுப் பொறந்தவன்னு, தோட்டத்து வரிசை வீடுங்க இருக்கற லயத்துல எனக்குப் பேரு. வீட்டுல எல்லாரும் செவப்பு, நான் மட்டும் அடுப்புக்கரி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாங்க. எனக்கு அப்படிச் சொல்லக் காக்காவே இல்ல. ஆனா அம்மா என்னை மாதிரிதான் இருந்திருப்பாங்கன்னு சின்னப் பிள்ளையிலேர்ந்து எனக்கு நிச்சயம். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

போன வாரம் எங்கண்ணன் மகேன் அந்த நெகட்டிவ்வக் கொண்டு வந்தாரு. புது வீட்டுல மாட்டணும், பெருசாப் போடுன்னாரு. ஸ்கேன் பண்ணி, தலைத்துண்டுல கிளிக் பண்ணேன். தேயிலை பச்சையாச்சு, தகரக்கூரை சாம்பலாச்சு. அம்மா நல்ல செவப்பா வந்து நின்னாங்க.

அது தப்பு சார். தோட்டத்துல ஏது சுத்த வெள்ளைத் துண்டு, கறை பிடிச்சிருக்கும். அதனால என் கைய ஸ்கிரீன் பக்கத்துல வச்சு, அம்மா என் நிறத்துக்கு வர்ற வரைக்கும் கலர இறக்கினேன். துண்டு சேறாச்சு, மலையெல்லாம் கருகிப் போச்சு. அம்மா மட்டும் அச்சு அசலா என்னை மாதிரி. உக்காந்து அழுதேன்.

பிரிண்ட் வாங்க வந்த அண்ணன் படத்தப் பாத்துச் சிரிச்சாரு. "டேய் குணாளா, யார்டா இது? நான் அம்மா மடியில வளந்தவன்டா. அம்மா செவப்புலா. நெகட்டிவ்வக் குடு, ஈப்போ டவுன்ல வேற கடையில போட்டுக்கறேன்."

கேட்டது நியாயந்தான். ஆனா ஈப்போக்காரனும் அந்தத் துண்டுலதான் கிளிக் பண்ணுவான். கேமரா ஸ்டாண்டுல கனமான இரும்புத் தண்டு ஒண்ணு உண்டு, அதக் கழட்டி அடிச்சேன். மண்டை உள்ள போயிடுச்சு. ரெண்டாவது அடிக்கே அண்ணன் அடங்கிட்டாரு. அதுக்கப்புறம் அடிச்சதெல்லாம் அவர் சிரிச்சதுக்கு. பல்லு கீபோர்டு மேல கெடந்துச்சு. ரத்தம் படத்துல வர்ற மாதிரி பளிச்சுன்னு இருக்காது சார், காயறப்போ துரு நிறம்.

கடையப் பூட்டிட்டு, படத்தையும் நெகட்டிவ்வையும் எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவோட அக்கா, பாஞ்சாலை பெரியம்மா, லயத்துல தனியா இருந்தாங்க. அப்பா, படம் எடுத்த கிராணி எல்லாம் எப்பவோ செத்துப் போய்ட்டாங்க. அம்மாவக் கண்ணால பாத்தவங்க மிச்சம் பெரியம்மா ஒருத்தர்தான். கொல்லணும்னு போகல. "ஆமாய்யா, இதான் என் தங்கச்சி"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காலத் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பியிருப்பேன்.

வாசல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "யாருய்யா இந்தப் பொம்பள?"ன்னாங்க. சொன்னேன். என் கன்னத்தத் தடவி, "அவ தங்கமாட்டம் இருப்பாளேய்யா. கறுப்பாப் பொறந்தா என்ன, நீயும் எங்க புள்ளதானே"ன்னாங்க.

பாவப்பட்டுச் சொன்னாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல.

குளிருக்குப் போத்தியிருந்த கம்பளிய இழுத்து மூஞ்சியில அமுக்கினேன். கொழுந்து பறிச்ச கை, லேசுல விடல. நகம் பதிஞ்ச எடம் இதோ, மணிக்கட்டுல இருக்கு. முட்டிய நெஞ்சுல வச்சு அழுத்தினேன், எலும்பு முறியறது கேட்டுச்சு. அப்புறம் கண்ண மூடிவிட்டு, நெகட்டிவ்வ அவங்க அடுப்புலயே போட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்கு உங்ககிட்ட வந்தேன்.

ரெண்டு பேரையும் நான்தான் கொன்னேன், எழுதிக்குங்க. படம் உங்க மேசையில இருக்கு, கசங்காமப் பாத்துக்குங்க. எங்கம்மா எப்படி இருந்தாங்கன்னு யாராச்சும் கேட்டா என்கிட்ட அனுப்புங்க சார். அவங்களத் தெரிஞ்சவன் இப்ப நான் ஒருத்தன்தான்.