ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்து

இல்லை, பேப்பரை இழுக்காதேங்கோ. பாரிசவாதம் வந்த கையால என்னத்தை எழுதப் போறீங்கள்? நான் வாசிக்கிறன், நீங்கள் விடையைச் சொல்லுங்கோ. கஞ்சி பேந்து குடிக்கலாம்.

இந்தக் கிழமை முழுக்கத் தொடக்கம், வளர்ச்சி எண்டுதான் கேட்டிருக்கிறாங்கள். உங்களுக்கென்ன, தண்ணி பட்ட பாடு. நீங்கள் வேலை செய்த துறைமுகக் கந்தோரில எந்தச் சொல்லெண்டாலும் சோமசேகரத்தைக் கேளுங்கோ எண்டு உங்களைத்தானே காட்டுறவை. இடமிருந்து வலம், ஒண்டு. விதை முதலில விடுறது, ரெண்டெழுத்து. ம்? முளை. அது இந்த மொக்குக்கே தெரியும். கலியாணம் முடிச்ச நாளில இருந்து என்ர பேர் மொக்குத்தானே.

மூண்டு. குழந்தையின்ர முதல் பேச்சு, மூண்டெழுத்து. சொல்லுங்கோவன். பா... பப்... என்ன? ஓம், இப்ப நீங்கள் கதைக்கிறதுதான். மழலை. கோவிக்காதேங்கோ. இருங்கோ, வாய் வழியுது, துடைச்சு விடுறன்.

மேலிருந்து கீழ், நாலு. நடக்க முதல் பிள்ளை செய்யிறது. தவழ்தல். எங்கட லக்சனா எட்டு மாசத்தில தவழ்ந்தவள். உங்களுக்கு எங்க தெரியும்? அப்பவும் இந்தக் கதிரையில பேப்பரோட இருந்தனீங்கள். துறைமுகத்தில கப்பல் ஊத, ஒழுங்கை நாயெல்லாம் குலைக்குது, பிள்ளை திரும்பிப் பாக்கேல்ல. ஓடிவந்து சொன்னனான், இஞ்சேருங்கோ, பிள்ளைக்குக் காது கேக்கேல்லப் போல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம் எண்டு. நீங்கள் நிமிரவுமில்லை. குறுக்கெழுத்து முடியுமட்டும் வாய் திறக்காதை எண்டனீங்கள். பேந்து கேக்கக் கேக்க, சில பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும் எண்டனீங்கள். உங்களை மீறிப் போகாத விசரி நான். நாலு வயசில கொண்டுபோக டொக்டர் என்ன சொன்னவர்? ஆரம்பத்திலயே கொண்டந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் எண்டவர். இப்ப பதினாலு வயசு. ஒருநாளும் அவள் என்னை அம்மா எண்டு கூப்பிட்டதில்லை.

அழுறீங்களோ? அழுங்கோ.

கடைசி. முடிவுக்கு எதிர், அஞ்செழுத்து. ஆரம்பம். போன மாசம் உங்களைக் கொண்டுபோகேக்க அந்த டொக்டரும் அதைத்தானே சொன்னவர்? ஆரம்பத்திலயே, ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டந்திருந்தால் எண்டு. நான் குசினியில தேங்காய் திருவின சத்தத்தில ஒண்டும் கேக்கேல்ல எண்டு சொன்னனான். உங்கட தங்கச்சி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவ.

அண்டைக்கு லக்சனா உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் கீறினவள். பேனை விழுந்தது, நீங்கள் கூப்பிட்டது, பாவம், அவளுக்கு ஒண்டும் கேக்கேல்ல.

எனக்கு முதல் தரமே கேட்டது. கதவடியில வந்து நிண்டு பாத்தனான். உங்கட குறுக்கெழுத்தில இன்னும் நாலு கட்டம் மிச்சம் இருந்தது. முடியுமட்டும் வாய் திறக்கக் கூடாதெண்டு சொன்னது நீங்கள்தானே.

சரி, ஆக்காட்டுங்கோ. கஞ்சி ஆறுது.