சுலோசனாவுக்குக் கருமாதி

...அதாங்க சொல்றேன், எரியற அடுப்புல தண்ணிய ஊத்திப்புட்டாங்க! உக்காருங்க சாமி, உக்காருங்க. பெட்ரோலு இல்லாம கரியில ஓடற பஸ்ஸுதானே, அவன் கரியக் கொட்டி, ஊதி, பொகய வரவெச்சி... பாப்பிரெட்டிப்பட்டிய வுட்டு இப்பத்திக்கிக் கெளம்ப மாட்டான். ஒரு டீ தரலாம்னா அடுப்பு நசநசன்னு கெடக்குது. வெல்லம் போட்ட டீதான்... ஒலகச் சண்ட வந்ததுலருந்து சக்கரைய எவன் கண்டான்!

யாரு ஊத்துனாங்களா? செல்லி ஆயாதான். சித்தேரி மலயிலருந்து சந்தைக்குப் புளி கொண்டாருவாங்களே, அந்தக் கூட்டத்துக்கு அதுதான் பெரிய மனுசி. "சாவு வுழுந்த எடத்துல அடுப்பெரியலாமா மாதப்பா?"ன்னு என்னையக் கேக்குது. யாரு செத்தாங்கறீங்க? சுலோசனா! யாருங்க அந்த சுலோசனா? வாரப் பத்திரிக தொடர்கதயில வர்ற பொண்ணுங்க! எங்க போயி முட்டிக்கறது?

அவுங்களுக்கு எழுத்து தெரியாது, அதனால என்னா? சந்த நாளுன்னா மூட்டய எறக்கிப்புட்டு நேரா இங்கதான் வருவாங்க. நான் கதய ஒரக்கப் படிப்பேன், அவுங்க டீ குடிப்பாங்க. சும்மா மொணமொணன்னு படிக்கறதில்லீங்க. மாமியாருக்கு ஒரு கொரலு, போலீசுக்கு ஒரு கொரலு! எதிர்க்கட குப்புராஜு இருக்கானே, அவன் அன்னிக்கெல்லாம் ஈ ஓட்டுவான்.

போன சந்தைக்குப் பத்திரிக வரல. காயிதப் பஞ்சமாம். கூட்டமோ வந்து உக்காந்திருச்சி. வரலன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிது... என்னாங்க அப்பிடிப் பாக்கறீங்க? ஆமா, நாந்தான் எழுதுனேன். மெதுவா... ஒங்களுக்கு மட்டும் சொல்றேன். டீத்தூளு பொட்டலக் காயிதத்துல எழுதி, பழய பத்திரிகக்குள்ள சொருவி வெச்சிப் படிச்சிட்டேன். எழுத்துன்னா லேசுப்பட்ட வேலயா? ஒரு கிளாஸு டீ குடிச்சா சுலோசனா பேசுனா. இன்னொண்ணு குடிச்சா அழுதா. கட்டக் கடேசி கிளாஸுல அவள ஆத்துல தள்ளிட்டேன்.

அழுதாங்க பாருங்க! காளியன்னு ஒரு முரட்டு ஆளு, கரடிய வெரட்டுனவன், அவன் துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டான். பட்டணத்துல உக்காந்து எழுதறானே, அவன் வருசம் பூரா எழுதி ஒரு சொட்டு வரவெச்சானா? எனக்கு அன்னிக்கி சோறே எறங்கலீங்க, அவ்ளோ சந்தோசம்!

அதோட போயிருந்தா பரவால்ல. நான் வாயால வளத்த பொண்ணாம், அதனால நாந்தான் பெத்தவனாம்! இன்னிக்கிப் பொழுது விடிஞ்சதும் எல்லாரும் தலக்கி ஊத்திக்கிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் சாமையக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்து, "கருமாதி என்னிக்கி? அது ஆவற வரைக்கும் இந்த எடத்துல பச்சத்தண்ணி தொட மாட்டோம்"னு சொல்லிப்புட்டு, அதா... எதிர்க்கடயில போயி உக்காந்துட்டாங்க. குப்புராஜு பல்லக் காட்டிக்கிட்டு டீ ஊத்தறான்! கருமாதி வெச்சா அத்தன பேருக்கும் சோறு போடணும். வெக்கலன்னா கட போச்சி.

"பொழச்சிக்கிட்டான்னு சொல்லிப்புட வேண்டியதுதானே"ங்கறீங்க. சொல்லலாங்க. ஆனா... அப்பிடி அழுதாங்களே சாமி! எனக்குன்னு ஒரு ஆளு அழுதிருக்கானா, என் எழுத்துக்கு அழுதாங்க. அத எப்பிடிங்க நானே இல்லன்னு ஆக்கறது? மனசு வரலீங்க.

என்னாங்க பையில தேடறீங்க? அட... இந்த வாரத்துதா? சேலத்துல கெடச்சிதா? குடுங்க, குடுங்க... சுலோசனாவுக்கு... கல்யாணமா! கப்பல்ல வந்த டாக்டரையா! தூ, இதெல்லாம் ஒரு எழுத்தா? மடிச்சி உள்ள வைங்க சாமி, யாராவது பாத்துடப் போறாங்க.

எங்க எந்திரிச்சிட்டீங்க? பஸ்ஸுல இன்னும் பொகயே வரல! ஐயா, அந்தப் பக்கம் போவாதீங்க, அவன் டீ கழனித்தண்ணி மாதிரி இருக்கும்... ஐயோ, உக்காந்துட்டாரே! பத்திரிகய விரிக்கறாரே! செல்லி ஆயா, அவுரு படிக்கறதக் கேக்காதீங்க! என்னா சிரிப்பு? கொலவ வேற போடறீங்களா? காளியா, நீ கூடவாடா? நிறுத்துங்கய்யா! அவ பொழைக்கல! அதுல இருக்கறது அத்தனயும் பொய்யி! அவ செத்தது செத்ததுதான்... ஆத்துல தள்ளுனவனே நாந்தான்யா, என் கையால எழுதுனேன்!