எட்டு மணித் தண்ணீர்

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர். ஒருவர், மடியில் கோப்பு வைத்திருந்த யாழ்ப்பாணத்து அதிகாரி. மலைக்குப் புதிது போலும். மற்றவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா. அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் திட்டம்தான் அந்தக் கோப்பில் இருந்தது.

“தண்ணி வர்ற நேரம் நாங்க வீட்டுல இருக்க மாட்டோம் சேர்,” என்றார் அம்மா, விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

“ஏன் அம்மா? காலமை எட்டிலயிருந்து பத்து மட்டும் எண்டு வடிவா எழுதியிருக்கு.”

“எட்டு மணிக்கு மலையில நிப்போம். தண்ணி பெரட்டுக்கு முன்னாடியே வரணுங்க.”

“பெரட்டு எண்டால்?”

“வேலைக்குப் பேர் குடுக்கிற எடம். ஆறரைக்கெல்லாம் அங்க நிக்கணும்.”

“இதைக் கூட்டத்தில ஒருத்தரும் சொல்லேல்லையே!”

“கூட்டத்தப் பத்து மணிக்கு வச்சீங்க சேர். அப்பவும் மலையிலதான் நின்னோம்.”

அதிகாரி பேனையைத் திறந்தார்.

“நல்லவேளை, இன்னும் கொந்தராத்துக் குடுக்கேல்ல. குடுத்திருந்தால் குழாய் வேலையை ஒப்பந்தம் எடுத்தவன் எழுதினபடி எட்டு மணிக்குத் தண்ணியை விட்டிட்டு, வேலை முடிஞ்சுது எண்டிருப்பான்.” எட்டை வெட்டினார். “நீங்கள் எத்தினை மணிக்கு எழும்புவியள்?”

“நாலு மணிக்கு. ஓடைத் தண்ணி விழுற பீலிக்கு நடந்து போயில்ல தூக்குறோம்.”

“வாசலிலயே குழாய் வந்தால்?”

பஸ் தெமோதரையைத் தாண்டும்போது அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

“அஞ்சு மணி வரைக்கும் தூங்கலாம்,” என்றார் பிறகு. “அதையும் எழுதுவீங்களா சேர்?”